பிரேக்கா, காலா?

எங்கள் லயத்து ஆட்கள் இனி என் கெப்பில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் போட்டெல்லாம் முடிவெடுக்கவில்லை. கினிகத்தேனைக்கு இறங்கும் ஒரு வளைவில் வண்டியைக் கொண்டுபோய் மண்மேட்டில் சாத்தினேன். பின்பெட்டியில் மரக்கறி மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். எழுந்தார்கள், உடுப்பைத் தட்டிக்கொண்டார்கள், அடுத்து வந்த பஸ்ஸில் மூட்டைகளோடு ஏறிப் போய்விட்டார்கள். அதுதான் முடிவு. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனாலும் அடுத்த சந்தை நாளில் நான் லயத்து முனையில் நின்று ஹோன் அடித்தபோது ஒரு கதவும் திறக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் தலவாக்கலைக்கு மேலே இருக்கிறது. வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக் காம்பராக்களுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலத்தில் லீக்ஸ், கரட், கோவா போடுவார்கள். அதை ஏற்றிக்கொண்டு ஹட்டன் வழியாகக் கீழே கொண்டுபோவது என் தொழில். கினிகத்தேனையிலும் பொல்பிட்டியப் பக்கத்துக் கடைகளிலும் எங்கள் மரக்கறிக்கு நல்ல மதிப்பு. மரக்கறியோடு அதன் சொந்தக்காரர்களும் வருவார்கள். பின்னால் நாலைந்து பேர், முன்னால் என் பக்கத்தில் வயசான ஒருத்தர். போகும்போதும் வரும்போதும் ஓயாத பேச்சு. "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு வாங்களேன், இஞ்சின் சத்தமே கேக்க மாட்டேங்குது" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறேன். அதைக் கடவுள் கேட்டுவிட்டான் போல.

அன்றைக்கு நடந்தது இதுதான். ஹட்டனைத் தாண்டி இறக்கம் தொடங்கியதிலிருந்து இரண்டாம் கியரில்தான் வந்தேன். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற ஆள் நான் இல்லை. பாரம் அதிகம் என்பதால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது. நன்றாகத்தான் பிடித்தது. பிறகு ஒரு வளைவில் காலை வைத்தேன். பெடல் பஞ்சுத் தலையணையை மிதித்த மாதிரி அமுங்கி அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. திரும்பத் திரும்ப மிதித்தேன். ஒன்றும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை மேட்டுப் பக்கம் ஒடித்தேன்.

ஆட்களெல்லாம் போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஒரு லொறி டிரைவர் நிறுத்தினான். நல்ல பையன். ஏறி உட்கார்ந்து என் பெடலை மிதித்துப் பார்த்தான்.

"அண்ணே, கல்லு மாதிரி நிக்குதே! பிரேக்குக்கு ஒண்ணுமே இல்லியே."

நானும் மிதித்தேன். கல்லு மாதிரித்தான் நின்றது. அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான்.

"சீனி கீனி இருக்காண்ணே?"

இருக்கிறது. எனக்குச் சீனி வருத்தம் என்று லயம் முழுக்கத் தெரியும். அந்த டிரைவர் கேட்டதை, நான் வந்து சேர்வதற்கு முன்னாலேயே லயத்தில் கேட்டு, பதிலும் சொல்லி முடித்திருந்தார்கள். சீனி உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போகுமாம். மிதித்துவிட்டதாக நினைத்திருப்பேனாம், மிதித்திருக்க மாட்டேனாம். பக்கத்துக் காம்பராக்காரி குழாயடியில் சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சொன்னாள். "பாவம், மனுசன் தனியாக் கெடந்து எதையாச்சும் யோசிச்சிக்கிட்டே ஓட்டுறாரு." கால் மரத்தது என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்தப் 'பாவம்' இருக்கிறதே, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனியாக இருந்தது உண்மைதான். மகள் கல்யாணம் முடித்து வத்தளையில் இருக்கிறாள். வேலைக்குப் போகிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவி போனாள். கொஞ்ச நாளைக்கு என்று போனவள், பிள்ளை நடக்கட்டும், பிள்ளை பேசட்டும், நேர்சரிக்குப் போகட்டும் என்று அங்கேயே ஆகிவிட்டாள். இதில் யாரைக் குறை சொல்வது? நானும் ஒருமுறை போய்த் தங்கிப் பார்த்தேன். மாடி வீடு, இரண்டு அறை. காலையில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஒரு வேலை உண்டு: கடைக்குப் போய்ப் பால் பக்கெட் வாங்கி வருவது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு பல்கனியில் நின்று, கீழே போகும் வண்டிகளுக்குப் பிரேக் சத்தம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். பத்து நாளில் ஓடி வந்துவிட்டேன்.

மேட்டில் சாத்திய கதை போனில் வத்தளைக்குப் போய்ச் சேர்ந்தது. நான் சொல்லவில்லை. லயத்தில் போன் இல்லாத வீடு எது?

"அப்பா, வித்துட்டு வந்துருங்கப்பா," என்றாள் மகள். "இவருக்குத் தெரிஞ்ச ஒருத்தரு கெப் தேடுறாரு."

"வண்டியில கோளாறு. அதக் கண்டுபுடிச்சா சரியாயிரும்."

"கோளாறு இல்லன்னு பாஸே சொல்லிட்டாராமே?"

பாஸ் என்பது ஹட்டனில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். சிங்களவர், என்னோடு தமிழும் சிங்களமும் கலந்து பேசுவார். முதலில் பிரேக் பேட் எல்லாம் தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். பிறகு மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் போயிருக்கும் என்று அதையும் மாற்றினார். மாற்றிவிட்டு பெடலை மிதித்து, "ஹொந்தாய் அண்ணே, ஹொந்தாய்" என்பார். நல்லா இருக்கு என்று அர்த்தம். நானும் மிதிப்பேன், நல்லாத்தான் இருக்கும். வெறும் வண்டியைத் தலவாக்கலைக்கும் ஹட்டனுக்கும் ஓட்டிப் பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். கடைக்காரர்கள் சொல்லி அனுப்பிய பாரத்தை ஏற்றிக் கினிகத்தேனைக்கு இறங்கினால் எந்த நாளில் போகும், எந்த நாளில் போகாது என்று சொல்லவே முடியாது. மழை நாளில் பேசாமல் வரும். வெயில் நாளில் கீழ் வளைவுகளில் திடீரென்று அமுங்கும். நான் எப்படியாவது நிறுத்தி, யாராவது வந்து பார்ப்பதற்குள் திரும்பி வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, நான் தனியாக இருக்கும்போது மட்டும் போகிற பிரேக்! இதை யாரிடம் சொன்னாலும் அவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது தடவை போனபோது பாஸ் வண்டியைத் தொடவே இல்லை. "அண்ணே, டொக்டர்கிட்ட காலைக் காட்டுங்க" என்றார். அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

சண்டை போட்டேனே தவிர, சந்தேகம் எனக்கும் வந்துவிட்டது. காலையில் எல்லாரும் கொழுந்துக்குப் போனபின் லயம் வெறிச்சென்று கிடக்கும். அப்போது கெப்பில் ஏறி உட்கார்ந்து சும்மா பெடலை மிதித்துக்கொண்டிருப்பேன். செருப்போடு மிதிப்பேன், வெறுங்காலோடு மிதிப்பேன். ஒரு நாள் ஊக்கை எடுத்து உள்ளங்காலில் குத்திப் பார்த்தேன். சுருக்கென்று வலித்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! உடனே இன்னொரு சந்தேகம்: இன்னொருத்தர் காலில் குத்தினால் இதைவிட அதிகமாக வலிக்குமோ? அதை யாரிடம் போய்க் கேட்பது? வீட்டில் ஒரு ஆள் இருந்தால், "ஏய், உன் காலைக் கொஞ்சம் காட்டு" என்று குத்திப் பார்க்கலாம். அழுகையே வந்துவிட்டது. ஊக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

என் மனைவி என்னைக் கூட்டிப்போகத்தான் ரயிலேறி வந்தாள். தலவாக்கலை ஸ்டேசனில் அவளை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தடவை ஒத்தையாப் போக மாட்டேன். உடுப்பெல்லாம் கட்டி வச்சிருங்க."

"நான் என்ன மூட்டையா, ஏத்திக்கிட்டுப் போறதுக்கு?"

"மூட்டையா இருந்தாத் தேவலையே, வாயாச்சும் இருக்காது."

அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பேர் குரல் கேட்டது. அவள் கூட்டிப் பெருக்கினாள், பானைகளை உருட்டினாள், என்னைத் திட்டினாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததால்தான் பிடிவாதமும் கூடியது. அவளுக்கு முன்னால் நான் கால் போனவனாக இருக்க முடியாது. கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தோம். பாரம் ஏற்றிக்கொண்டு அவளும் நானும் ஒருமுறை கினிகத்தேனைக்கு இறங்குவது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது பிரேக் போகாவிட்டால் கோளாறு என் காலில். கெப்பை விற்றுவிட்டு அவளோடு வத்தளைக்குப் போய்விடுவேன். பிரேக் போனால் கோளாறு வண்டியில். நான் இங்கேயே இருப்பேன், இனிமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

"பிரேக்கு போனா ரெண்டு பேரும் பள்ளத்துல கெடப்போம்," என்றாள்.

"மேட்டுப் பக்கம் ஒடிக்க எனக்குத் தெரியும்."

நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். ஒரு கடைக்காரர் கேட்டிருந்த கோவா மூட்டைகள் பின்னால். ஹட்டன் தாண்டினோம், இறக்கம் தொடங்கியது. மெதுவாகப் போனேன். அவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்க்காமல் என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்தது. அழகாகப் பிடித்தது. எனக்கு வியர்த்தது. போகாதே என்று வேண்ட வேண்டிய பிரேக்கைப் போ, போ என்று வேண்டிக்கொண்டு எந்த மடையனாவது வண்டி ஓட்டுவானா? நான் ஓட்டினேன். பாதி இறக்கத்துக்கு மேல் வந்ததும் அவள் பிடியை விட்டுவிட்டாள். "பாத்தீங்களா," என்று மெதுவாகச் சொன்னாள். கேலியாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வளைவில் பெடல் அமுங்கியது. அடியில் போய் உட்கார்ந்தது.

"போச்சு!" என்று கத்தினேன். கல்யாண வீட்டில் கத்துகிற மாதிரி கத்தினேன். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கத்துத் தண்ணீர்க் கானில் இடது சக்கரத்தை இறக்கினேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. தீய்ந்த வாடை அடித்தது. நான் குதித்து இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அவள் பக்கம் ஓடினேன். பிரேக் திரும்பி வருவதற்குள் காட்டியாக வேண்டும்.

"அந்தப் பக்கம் தள்ளி உக்காரு. மிதி. சீக்கிரம் மிதி!"

"கையெல்லாம் நடுங்குது, கொஞ்சம் இருங்களேன்..."

"கை எதுக்கு? காலு!"

என் சீட்டுக்கு நகர்ந்து மிதித்தாள். பெடல் அப்படியே போனது. எடுத்து மறுபடி மிதித்தாள். மறுபடி போனது. அவளுக்குச் சீனியும் இல்லை, ஒன்றும் இல்லை. ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த கால்.

"ஆமாங்க," என்றாள். "அடியோட போகுது."

இவ்வளவு நாளாக இந்த ஒரு 'ஆமா'வுக்குத்தான் நான் ஊரெல்லாம் சண்டை போட்டேன். ரோட்டில் நின்று சிரித்தேன். அவள் பெடலில் காலை வைத்தபடியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவளைக் கீழே இறக்கி மேட்டோரம் உட்காரவைத்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறி மிதித்தாள். பெடல் கல்லு மாதிரி நின்றது.

"சூடாயிருந்தாப் போகுது, ஆறினா வந்துருது," என்றாள். "உள்ள ஏதோ கொதிக்குதுங்க."

"பிரேக் ஒயிலு அவ்வளவு லேசுல கொதிக்காது. தண்ணிதான் கொதிக்கும்."

"அப்ப தண்ணி இருக்கு."

"எப்படி இருக்கும்? கராஜ்ல ஊத்துற ஒயிலையா ஊத்துனேன்? நம்ம வீட்டுப் போத்தலக் கொண்டுபோயில்ல ஊத்துனேன்!"

அது என் பெருமை. நாடே பெட்ரோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் பிரேக் ஒயில் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்ததில் என்ன கலந்திருக்கிறதென்றும் தெரியவில்லை. அப்போது ஒரு பெரிய போத்தல் எனக்குக் கிடைத்தது. மூடி உடைந்துபோனதால் பொலித்தீனைச் சுற்றி ரப்பர் மாட்டி, சமையலறைத் தட்டில் பத்திரமாக வைத்திருந்தேன். ஒயில் குறைந்தபோதெல்லாம் அதிலிருந்துதான் ஊற்றினேன். பாஸ் ஒவ்வொரு தடவை எதையாவது மாற்றியபோதும் அவர் ஒயிலை வேண்டாமென்று சொல்லி, என் போத்தலைக் கொடுத்து அதிலிருந்துதான் ஊற்றவைத்தேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "காலையில உப்பு டப்பாவத் தொறந்தேன். பாதி தண்ணியாக் கெடக்கு. நெருப்புக்குச்சி உரசினா நசநசன்னு போகுது. உங்க தலகாணியில கைய வச்சா ஈரம். பனி ஊட்டுக்குள்ளேயே வந்து குந்திக்கிட்டு இருக்கு. அந்த ஊட்டுல தொறந்து வச்ச போத்தல் மட்டும் காஞ்சு கெடக்குமா?"

நான் பிளாஸ்கை மூடிவிட்டு, சக்கரத்துக்கு வைத்த கல்லை எடுக்கப் போனேன்.

வண்டியை ஆறவிட்டு ஆறவிட்டு இறக்கி, கோவாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் பாஸிடம் நிறுத்தினோம். போத்தல் கதையைக் கேட்டதும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். பார்த்தால் தெரியாது. நீண்ட இறக்கத்தில் சக்கரம் கொதிக்கும்போது அந்த ஈரம் ஆவியாகிவிடும். நாம் மிதிப்பது அப்போது ஒயிலை அல்ல, வெறும் ஆவியை. ஆறினால் ஆவி மறுபடி தண்ணீராகி, பெடல் நிற்கும். இத்தனை தடவையும் அவர் சரிசெய்ததை நான் என் போத்தலால் கெடுத்துக்கொண்டே வந்திருக்கிறேன். அவருக்கும் கோபம், எனக்கும் கோபம். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சீல் உடைக்காத புது ஒயில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பழைய ஒயிலை வெளியேற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். முன்பெல்லாம் அவள்தான் மிதிப்பாள். அவள் வத்தளைக்குப் போன இந்த இரண்டு வருடமாக நான் அந்த வேலையைச் செய்யவே இல்லை. கீழே படுத்துக்கொண்டால் எனக்கு அவள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேங்க."

"அப்படியே புடி."

"புடிச்சிருக்கேன்."

பால் ஊற்றாத பிளேன்டீ நிறத்தில் பழைய ஒயில் குழாய் வழியாக வடிந்தது. மூடினேன். "இப்ப விடு." மறுபடி அமுக்கினாள். சக்கரம் சக்கரமாகப் புது ஒயில் தெளிவாக வரும்வரை செய்தோம். வேலை முடிந்துவிட்டது. முடிந்தபின்னும் பின்சக்கரம் ஒன்றை இரண்டாம் தடவை திறந்து மூடினேன். அவள் "புடிச்சிருக்கேன்" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும் போல இருந்தது. அவளும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் அதே இறக்கத்தில் பாரத்தோடு இறங்கினோம். வெயில். கீழ் வளைவுவரைக்கும் பெடல் அசையவில்லை. திரும்பி வந்து லயத்து முனையில் நிறுத்தியபோது அவளே இறங்கி எல்லாரும் கேட்கும்படி சொன்னாள்: "வண்டி ஒயிலுதான் கெட்டுப்போயிருந்துச்சு. இவரு காலுக்கு ஒண்ணுமில்ல. நானே மிதிச்சுப் பாத்தேன்." பக்கத்துக் காம்பராக்காரி தலையைச் சொறிந்துகொண்டு வந்தாள். "அப்ப ஞாயித்துக்கெழம எங்க கரட்டையும் ஏத்திக்கிறீங்களா மாமா?" ஏத்திக்கிறேன் என்றேன். அன்றைக்கு லயத்தில் என்னைப்போல நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் யாரும் இல்லை.

அடுத்த நாள் அவளுக்கு ரயில். பேரன் போனில் அழுகிறான் என்று மகள் சொல்லிவிட்டாள். ஸ்டேசனில் பையைத் தட்டில் ஏற்றிவைத்தேன், சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். வத்தளைக்கு வரச்சொல்லி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு பேச்சுதான். ரயில் ஊதியது. அப்போதுதான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ஏங்க, அந்த வளைவு வரைக்கும் பிரேக்கு போகலன்னதும் எனக்கு எவ்வளவு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? அது உங்க காலாவே இருந்துருக்கலாங்க."

வேறு நாளாக இருந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்திருக்கும். நான் கம்பியைப் பிடித்தபடி ரயிலோடு கொஞ்ச தூரம் நடந்தேன். நானும் வர்றேன் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்றேன்.